வீட்டில் இரண்டு வயசுப் பிள்ளை, கொல்லையில் எலி: என்ன வைப்பது?

அக்டோபர் 12, காலை. வாசகர் ஒருவரின் கேள்வி

புதுசாகக் குடிவந்த வீடு. பின்னால் பெரிய கொல்லை, தென்னை, வாழை, ஒரு விறகுக் கொட்டகை. குறுவை அறுப்பு முடிந்ததிலிருந்து எலி தாங்கவில்லை. வாஷிங் மெஷின் ஒயரைக் கடித்துவிட்டது. கடையில் ஒரு டியூப் பேஸ்ட் கொடுத்தார்கள். தக்காளியில் தடவி வைத்தால் ஒரே ராத்திரியில் தீர்ந்துவிடுமாம். வீட்டில் இரண்டு வயசுப் பையன் இருக்கிறான். உயரத்தில் வைத்தால் போதும்தானே?

அக்டோபர் 12, இரவு 9.40

வைக்காதீர்கள். அந்த டியூபை இப்போதே பையன் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உயரத்தில் வைத்தால் போதாது. எலி அந்தத் தக்காளியை வைத்த இடத்திலேயே உட்கார்ந்து தின்னாது, இழுத்துக்கொண்டு போகும். பாதி தின்ற துண்டு பரண் மேலிருந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் விழலாம். நீங்கள் வைத்த இடம் உங்களுக்குத் தெரியும். எலி போட்ட இடம் யாருக்கும் தெரியாது.

நான் மன்னார்குடிப் பக்கம் இருக்கிறேன். உங்கள் கொல்லை மாதிரியேதான் எங்கள் கொல்லையும். அம்மாவுக்கு 72 வயசு, இதயத்தில் செயற்கை வால்வு. போன வருஷம் இதே மாதம் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், மூத்த பேரனுக்கு அப்போது இரண்டு வயசு முடியவில்லை. நான் பேஸ்ட் வைக்கவில்லை. நீல நிறத்தில் சின்னச் சின்ன கேக்காக வருமே, அதை விறகுக்குப் பின்னால் வைத்தேன். நாலாம் நாள் காலை பேரன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான், கையில் நீலக் கட்டி. உதட்டோரம் நீலம். கட்டியில் இருந்த கடிவாய் எலியுடையதா அவனுடையதா என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே கேட்ட முதல் கேள்வி: "கவர் எங்கே?"

கவரை நான் நாலு நாள் முன்பே குப்பையில் போட்டிருந்தேன்.

அக்டோபர் 13, காலை 6.15

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன், மின்சாரம் போய்விட்டது. பேரன் நன்றாக இருக்கிறான். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், இரண்டு பேர் பதறிப்போய்க் கேட்டிருக்கிறீர்கள்.

மருமகன் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், குப்பைக் குழியைக் கிளறி, சாம்பலும் வாழைத்தோலுமாக ஒட்டியிருந்த அட்டையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். நாற்பது நிமிஷம். அதுவரை டாக்டருக்கு இருந்த பயம் வேறு, அட்டையைப் பார்த்த பிறகு அவர் முகம் வேறு. அதில் புரோமாடியோலோன் 0.005 சதவீதம் என்று இருந்தது. பிள்ளைகள் அந்தக் கட்டியில் ஒரு கடி கடித்துவிட்டால் பெரும்பாலும் பெரிய கெடுதல் வராது, ஆனால் ரத்தம் உறையும் நேரத்தை இரண்டு நாள் கழித்துச் சோதித்துத்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார். இரண்டு நாள் கழித்துச் சோதித்தார்கள், சரியாக இருந்தது. அந்த இரண்டு ராத்திரியும் மகள் படுக்கவே இல்லை.

அந்த நாற்பது நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது இதுதான். நாம் எல்லாவற்றையும் "எலி மருந்து" என்ற ஒரே பேரில் கூப்பிடுகிறோம். உள்ளே இருப்பது மூன்று நாலு வெவ்வேறு நஞ்சு. ஒவ்வொன்றும் உடம்பில் வெவ்வேறு இடத்தைத் தாக்கும், வைத்தியமும் வேறு வேறு. "எலி மருந்து தின்றுவிட்டான்" என்று போய் நின்றால் டாக்டருக்கு ஒன்றுமே சொல்லாத மாதிரிதான்.

அப்புறம் அந்த "மருந்து" என்ற சொல். எலி மருந்து, கொசு மருந்து, பூச்சி மருந்து, எறும்பு மருந்து. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் "மருந்து குடி கண்ணு" என்கிறோம். இரண்டு வயசுப் பிள்ளைக்கு அந்த வார்த்தையில் என்ன வித்தியாசம் தெரியும்? எங்கள் வீட்டில் இப்போது எலி நஞ்சு, கொசு நஞ்சு என்றுதான் சொல்கிறோம். அம்மாவுக்குத்தான் இன்னும் வாய் பழகவில்லை.

அக்டோபர் 13, இரவு

எது எது என்று விவரமாகக் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கேள்வி கேட்டவர் கையில் இருக்கும் பேஸ்ட். டியூபைத் திருப்பிப் பாருங்கள், மஞ்சள் பாஸ்பரஸ் என்று இருக்கும். இதைத் தமிழ்நாட்டில் அரசு தடை செய்துவிட்டது. தடைக்குப் பிறகும் எங்கள் ஊரில் ஒரு கடையில் கேட்டதும் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தார்கள், அதனால்தான் நேற்று அவ்வளவு அவசரமாக எழுதினேன். இது கல்லீரலைத் தாக்கும். ஏமாற்றும் நஞ்சு. முதல் நாள் வயிற்று வலி, வாந்தி. அப்புறம் ஓரிரு நாள் ஆள் தெளிந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார், வீட்டுக்குப் போகலாம் என்பார். கல்லீரல் பழுதாவது அதற்குப் பிறகுதான் வெளியே தெரியும். அந்தத் தெளிவை நம்பிப் பிடிவாதமாக வீட்டுக்கு அழைத்துவந்தவர்களை எனக்குத் தெரியும். இதற்கென்று தனியாக முறிமருந்து கிடையாது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சையை வேலூர் சி.எம்.சி. மாதிரி இடங்களில் செய்து பல பேரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு நேரத்தோடு போக வேண்டும். வாயில் லேசாகப் பட்டதாகச் சந்தேகம் வந்தாலும் போக வேண்டும்.

இரண்டாவது, கறுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ இருக்கும் தூள். ஜிங்க் பாஸ்பைடு. வயலில் பொரியிலும் கருவாட்டிலும் கலந்து வைப்பார்கள். வயிற்றுக்குள் போனதும் அங்குள்ள அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும்.

மூன்றாவது, நெல் மூட்டைக்கும் தானியக் கிடங்குக்கும் போடுகிற வில்லை. அலுமினியம் பாஸ்பைடு. இதைத் தின்னவே வேண்டாம், காற்றில் இருக்கிற ஈரம் பட்டாலே அதே பாஸ்பீன் வெளிவரும். 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் ஒரு வீட்டில் எலிக்காக வைத்த நஞ்சின் நெடியில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இறந்ததைப் படித்திருப்பீர்கள். ஏசி போட்டு அறையைச் சாத்திக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். ஆள் குடியிருக்கிற வீட்டுக்குள் இந்த வில்லை வரவே கூடாது. மூட்டைக்கு நல்லது என்று யாராவது ஒன்று கொடுத்தால், படுக்கிற அறையில் மூட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்தில் நெல் மூட்டை வேறெங்கே இருக்கும்? கட்டிலுக்குப் பக்கத்தில்தான்.

நாலாவதுதான் நான் வைத்த நீலக் கேக். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அது அம்மாவின் மாத்திரைக்கு உறவு.

அக்டோபர் 14

ஒரு அண்ணன் கேட்டார்: உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா, புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர்? வேண்டாம் அண்ணே. எதுவும் கொடுக்க வேண்டாம், விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கினால் அது இன்னொரு ஆபத்து. வாயில் ஒட்டியிருப்பதைத் துணியால் துடைத்து எடுங்கள், கவரைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். 108. வழியிலேயே கேட்க வேண்டுமென்றால் டெல்லி எய்ம்ஸின் தேசிய விஷத் தகவல் மையம் 1800 116 117. இந்த எண் எங்கள் வீட்டில் காலண்டர் அட்டையில் எழுதியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அந்தப் பேஸ்டைத் தடை செய்ததற்கு முக்கியக் காரணம் தவறுதலாகத் தின்ற பிள்ளைகள் மட்டுமல்ல. மனசு ஒடிந்த ஒரு நிமிஷத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் அது இருந்துவிடுகிறது. அந்த நிமிஷம் கடந்துவிட்டால் ஆள் பிழைத்துவிடுவார். வீட்டில் யாராவது பேச்சில்லாமல் முடங்கிக் கிடந்தால், பேஸ்ட், பூச்சிக்கொல்லி எதையும் வீட்டில் வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம்.

அக்டோபர் 19, மதியம்

நாளை தீபாவளி. பலகாரத்துக்கு எண்ணெய் காயும் நேரத்தில் எழுதுகிறேன்.

அம்மாவின் மாத்திரை. செயற்கை வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரை தினமும் சாப்பிட வேண்டும். வார்ஃபரின் அல்லது அதே குடும்பத்து இன்னொன்று. இந்த வார்ஃபரின் முதலில் கடைக்கு வந்தது 1948-ல், எலி நஞ்சாக. மனிதர்களுக்கு மருந்தாக வந்தது அதற்கு அப்புறம், 1954-ல். நீலக் கேக்கில் இருக்கும் புரோமாடியோலோன் அதன் பின்வந்த வாரிசு, பல மடங்கு வீரியம், உடம்பில் நீண்ட நாள் தங்கும்.

இதன் கதை மாட்டுத் தொழுவத்தில் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பக்கம் 1933-ல் ஒரு விவசாயி, கொட்டும் பனியில், செத்துப்போன மாட்டையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் போய் நின்றார். பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போன வைக்கோல் மாதிரியான ஒரு தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் ஒழுகிச் செத்துக்கொண்டிருந்தன. அந்தத் தீவனத்துக்குள் இருந்ததைத் தேடிப் பிடிக்க லிங்கின் ஆட்களுக்குச் சில வருஷம் பிடித்தது. அதிலிருந்து வந்ததுதான் எலி நஞ்சும், அம்மாவின் மாத்திரையும்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் டாக்டர் இதைச் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "அப்போ இத்தனை வருஷமா எலிக்கு வைக்கிறதைத்தான் எனக்குக் கொடுத்தீங்களாக்கும்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். "அளவுதான் பாட்டி வித்தியாசம்" என்றார்.

அளவு என்றால் உண்மையிலேயே அளவுதான். ஐ.என்.ஆர். என்று மாதம் ஒரு ரத்தச் சோதனை. அம்மாவுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டிக்கொள்ளும், கூடினால் கசியும். இரண்டு வருஷம் முன்பு ஆடிக் காற்றில் முருங்கை முறிந்து விழுந்தது. வீணாகப் போகக் கூடாது என்று ஒரு வாரம் விடாமல் முருங்கைக்கீரை. அந்த மாதச் சோதனையில் 1.6. கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலைக்கு நேர் எதிர். கீரையை நிறுத்தச் சொல்லவில்லை, வாரம் எத்தனை நாளோ அதை மாற்றாமல் சாப்பிடச் சொன்னார்கள். செவ்வாயும் வெள்ளியும் கீரை என்று வைத்துக்கொண்டோம். அதே வைட்டமின் கே-தான் நீலக் கேக் தின்றவர்களுக்கு முறிமருந்து.

எண்ணெய் காய்ந்துவிட்டது.

அக்டோபர் 26

சரி, நஞ்சு வேண்டாம் என்றால் என்னதான் செய்வது என்று கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். நியாயம்.

நான் செய்ததைச் சொல்கிறேன். ராத்திரி படுக்கும் முன் கோலமாவை நைசாகச் சலித்து, சமையலறை வாசல், குளியலறை ஓரம், கேஸ் சிலிண்டர் பின்னால், இப்படி ஒரு சாண் அகலத்துக்குத் தூவிவைத்தேன். காலையில் பார்த்தால் கால் தடம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று வரி வரியாகத் தெரியும். நடுவில் வால் இழுபட்ட கோடு. மூன்று நாள் பார்த்தேன். மூன்று நாளும் குளியலறைத் தண்ணீர் வெளியே போகும் ஓட்டையிலிருந்துதான் தடம் கிளம்பியது. சுவரை ஒட்டியே போய் அரிசி டின் வரைக்கும்.

அரை இஞ்ச் இடம் இருந்தால் எலி நுழைந்துவிடும், சுண்டெலிக்கு அதில் பாதி போதும். கோழி வலை உபயோகமில்லை, கண் பெரிசு. கால் இஞ்ச் கண் உள்ள ஜி.ஐ. வலை வாங்கி ஓட்டைக்கு அடித்தோம். குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினோம். பின்கதவுக்கு அடியில் தகரப் பட்டை. தென்னைக்கு ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழ அகலத்தில் வழவழப்பான தகரத்தைச் சுற்றிக் கட்டினோம், ஏறினால் வழுக்கிவிடும். ஆனால் பக்கத்து மரத்து ஓலை தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் வீண், தாவிவிடும். அந்த ஓலைகளைக் கழித்துவிட்டோம். மாட்டுத் தீவனம் மூடி போட்ட டிரம்முக்குப் போனது. நாய்ச் சோற்றுத் தட்டு ராத்திரி வெளியே கிடப்பதில்லை.

எல்லாமாக இரண்டாயிரத்துக்குள் முடிந்தது, இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை.

அக்டோபர் 26, இரவு

கொல்லையைச் சுற்றிக் கம்பி கட்டிக் கரண்ட் விடச் சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். வயலில் எலிக்கும் பன்றிக்கும் என்று கட்டிய கம்பியில் மிதித்து எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று டெல்டாவில் யாரையும் கேட்டுப் பாருங்கள். ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன சொந்த வீட்டு ஆளே மிதித்திருக்கிறார். சட்டப்படியும் குற்றம்.

நவம்பர் 3. திருத்தம்

26-ம் தேதி நான் எழுதியதில் ஒரு தப்பு. அரிசி டின் வரைக்கும் போன தடம் எலி என்று எழுதினேன். ஓட்டையை அடைத்த பிறகும் தடம் வந்துகொண்டே இருந்தது. முந்தாநாள் ராத்திரி பொறியில் ஆள் சிக்கியது. விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தால் எலியே இல்லை, மூஞ்சூறு.

நீண்ட மூக்கு விடாமல் ஆடிக்கொண்டே இருக்கிறது, மிளகு மாதிரிக் கண், சாம்பல் நிற வெல்வெட் துணி மாதிரி உடம்பு. கீச் கீச்சென்று அது கத்தின கத்தலில் பேரன் எழுந்துவிட்டான். அந்த வாடை ஒன்று, ஒரு தடவை மோந்தால் மறக்காது. மூஞ்சூறு எலி இனமே இல்லை. ஒயரைக் கடிக்கிற வெட்டுப்பல் அதற்குக் கிடையாது. கரப்பான், பூச்சி, புழு தின்னும். எங்கள் அரிசி டின்னுக்கு அது வந்தது அரிசிக்கு இல்லை, டின்னுக்குப் பின்னால் இருந்த கரப்பானுக்கு. அம்மா "பிள்ளையார் வாகனத்தைப் பொறியில போட்டியேடி" என்று கோபித்துக்கொண்டார். கொல்லையில் கொண்டுபோய் விட்டோம்.

அதனால் கோலமாவு போட்டவர்கள் தடத்தை மட்டும் நம்ப வேண்டாம். எதையாவது கடித்துக் கொறித்திருக்கிறதா என்று பாருங்கள். கொறித்திருந்தால்தான் எலி.

நவம்பர் 18

மழை பிடித்துக்கொண்டது. வரப்பு வளையெல்லாம் தண்ணீர் ஏறினால் எலிக்கு மேட்டு நிலம் எது, நம் வீடுதான். வீட்டுக்குள் வரவில்லை, வலை நிற்கிறது. ஆனால் விறகுக் கொட்டகையில் குடும்பம் நடத்துகின்றன.

கிட்டிக்காரரைக் கூப்பிட்டோம். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு: கிட்டி என்பது மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்துக் கயிறு கட்டிய பொறி. எலி இரையைத் தொட்டதும் வில் நிமிர்ந்து கழுத்தை அடிக்கும். நஞ்சு இல்லை, மின்சாரம் இல்லை. பெரியவர் சாயங்காலம் ஒரு கட்டுக் கிட்டியோடு வந்தார். குந்தி உட்கார்ந்து, வளை வாயில் கையை வைத்துப் பார்த்து, "இது பழசு, இதுல ஆள் இல்ல", "இது நேத்து போட்ட மண்ணு" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வாய்க்கால் ஓரமும் கொட்டகையும் சேர்த்து இருபது கிட்டி வைத்தார். விடியற்காலையில் பதினொன்று. ஒன்று பெருச்சாளி, பூனைக்குட்டி அளவு. எலிக்கு இவ்வளவு என்று கூலி. மறுவாரமும் வந்தார், அப்போது நாலு.

வயலுக்கு நஞ்சு வைக்கிற பழக்கம் வந்ததும் இவர்களைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இவர் மகன் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான். கிட்டி கட்டத் தெரிந்தவர்கள் இந்தச் சுற்றுவட்டத்தில் இனி எத்தனை பேர் என்று யோசித்தால் மனசு கனக்கிறது. உங்கள் பக்கம் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள்.

நவம்பர் 19

செத்த எலியை வெறுங்கையால் எடுக்காதீர்கள். எலிப் புழுக்கை கிடந்தால் காய்ந்தபடி பெருக்காதீர்கள், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவைத்துத் துடையுங்கள். மழைத் தண்ணீரில் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம், காலில் புண் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில்தான் எலிக்காய்ச்சல் வருகிறது. காய்ச்சலோடு கெண்டைக்கால் பிடித்து வலித்தால், கண் சிவந்தால், தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

டிசம்பர் 9

இருபது நாளாக எழுதவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல்.

கொட்டகையில் எலி ஒழிந்ததென்று அம்மா தானே போய் விறகை அடுக்கிவைத்தார், பின்னால் மண்டியிருந்த புல்லையும் பிடுங்கிப் போட்டார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல், தலைவலி. பாரசிட்டமாலுக்கு இறங்கி மறுபடி ஏறியது. டெங்கு சோதனை இல்லை என்று வந்தது. ஐந்தாம் நாள் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா, அம்மாவின் சேலையை விலக்கி அக்குள், இடுப்பு, மார்புக்கு அடியில் என்று டார்ச் அடித்துப் பார்த்தார். இடுப்பு மடிப்பில், பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவப்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அம்மாவுக்கே தெரியாது.

ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். எலி மேலும் புதர் மேலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன உண்ணியின் குட்டி கடித்து வருவது. மழைக்குப் பிறகு, இந்தக் குளிர் மாதங்களில், நம் பக்கம் அதிகம். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஆரம்பித்து இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. நேரத்தில் கண்டுபிடித்தால் சின்ன மாத்திரைக்குக் கட்டுப்படும், விட்டுவிட்டால் நுரையீரல், மூளை வரைக்கும் போகும்.

எலியைப் பற்றி இவ்வளவு எழுதினேன். எலி போன பிறகு அது இருந்த இடத்தில் என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விறகை நான் அடுக்கியிருக்க வேண்டும், முழுக்கைச் சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு. வந்ததும் துணியை வெந்நீரில் போட்டுக் குளித்திருக்க வேண்டும்.

டிசம்பர் 12

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு விஷயம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற எல்லோருக்கும்: ஆன்டிபயாடிக் கொடுத்தால் அந்த மாத்திரையின் வேகம் கூடிவிடலாம். டாக்டரம்மா மூன்றாம் நாளே ஐ.என்.ஆர். எடுக்கச் சொன்னார். 4.3. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்ததை அம்மா மறைத்திருக்கிறார், துப்பிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார். மாத்திரையை இரண்டு நாள் குறைத்ததில் 3.1-க்கு வந்தது. எந்த டாக்டரிடம் எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும் "வால்வு மாத்திரை சாப்பிடுகிறார்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அம்மா பையில் இப்போது ஒரு அட்டை இருக்கிறது, கொட்டை எழுத்தில்.

ஜனவரி 6

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: பேஸ்டை ஒழித்தாயிற்று, வலை அடித்தாயிற்று, பையன் இப்போது எல்லா அலமாரியையும் திறக்கிறான், வேறென்ன பார்க்க வேண்டும் என்று.

பூஜை அலமாரியைப் பாருங்கள். கற்பூரம். வெள்ளையாக, கல்கண்டு மாதிரி. சின்னப் பிள்ளை விழுங்கினால் சில நிமிஷத்திலேயே வலிப்பு வரலாம். எங்கள் வீட்டில் கற்பூர டப்பா கீழ்த்தட்டில் பேரன் முழங்கை உயரத்தில்தான் பல வருஷமாக இருந்தது, பக்கத்திலேயே கல்கண்டு டப்பா, இரண்டும் ஒரே மாதிரி மூடி. நஞ்சைப் பற்றி இவ்வளவு பேசியும் அதைப் பார்க்க எனக்கு டிசம்பர் வரை ஆனது. துணி அலமாரியில் பாச்சை உருண்டை இருந்தால் அதுவும். தரை துடைக்கும் பினாயிலையும் ஆசிட்டையும் காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். வேலியில் அரளி இருக்கிறதா? பூவைச் சாமிக்கு வையுங்கள், ஆனால் மஞ்சள் அரளிக் காயை வைத்துப் பையனை விளையாட விடாதீர்கள். உள்ளே இருக்கும் கொட்டை இதயத்துடிப்பைக் கெடுக்கும்.

பிப்ரவரி 11

தென்னை மட்டையில் கூகை ஒன்று வந்து தங்கியிருக்கிறது. பத்து நாளாகிறது. ராத்திரி கிறீச்சென்று கத்துகிறது. அம்மா முதல் நாள் "சாவுக் குருவி, விரட்டு" என்றார். மரத்தடியில் விழுந்து கிடந்ததைக் கொண்டுபோய்க் காட்டினேன். கட்டைவிரல் அளவு சாம்பல் நிற உருண்டை, காய்ந்தது. தண்ணீரில் போட்டுக் குச்சியால் பிரித்தால் உள்ளே முழுக்க மயிர், நடுவில் ஒரு சின்ன மண்டையோடு, தாடையில் ஆரஞ்சு நிறத்தில் நீள வெட்டுப்பல் இரண்டு. எலியை முழுசாக விழுங்கிச் செரிக்காததைக் கக்கிவைத்திருக்கிறது. ஒரே உருண்டையில் இரண்டு மண்டையோடு. அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். இப்போது விரட்டச் சொல்வதில்லை, காலையில் எத்தனை உருண்டை என்று கேட்கிறார்.

பக்கத்து வீட்டில் நேற்று நீலக் கேக் வாங்கி வந்திருக்கிறார்கள். அதைத் தின்ற எலி உடனே சாகாது, நாலைந்து நாள் தள்ளாடித் திரியும், கூகைக்குச் சுலபமாகக் கிடைக்கும். அந்த எலியைத் தின்றால் கூகைக்கும் ரத்தம் உறையாது. அம்மாதான் வேலியோரம் நின்று அந்த வீட்டு அக்காவிடம் பேசினார். தன் மாத்திரை அட்டையைக் காட்டி, இதுவும் அதுவும் ஒன்று, எனக்கே அளவு தப்பினால் ஈறில் ரத்தம் வருது, அந்தப் பறவைக்கு யாரு டெஸ்ட் எடுக்கிறது என்று கேட்டாராம். மாசி முடியும் வரை வைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்கள். கிட்டிக்காரர் எண்ணைக் கொடுத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கும் வருகிறார்.